விளையாட்டு விழாவும் விளையாடாப் பிள்ளைகளும்

ஆண்டுதோறும் நம் பள்ளிகளில் விளையாட்டு விழா நிகழ்கின்றது. கொடி ஏறுகின்றது, பாண்டு முழங்குகின்றது, சிறப்பு விருந்தினர் பரிசில் வழங்குகின்றார். வென்றோர் மகிழ்கின்றனர். ஆயின், வெல்லாதவரும், வெல்வோம் என்று ஒருநாளும் எண்ணாதவருமே தொகையில் மிக்கவர். அன்னார்க்கு இவ்விழாவால் விளையும் பயன் யாது? நம் மாணவருட் பலர் நாளை ஆசிரியராவர், பலர் பெற்றோராவர். ஆதலின் இவ்வினா நமக்கு உரியதே.

விழாவே வேண்டா என்பாரின் கூற்றைப் புறக்கணித்தல் நேர்மையன்று. கணக்கிற் பிந்தியவன் குறை அவன் விடைத்தாளில் அடங்கிவிடும். ஓட்டத்திற் பிந்தியவன் குறையோ ஊரார் காணத் திடலின் நடுவே வெளிப்படும். உடல் பருத்த சிறுவனும், மூச்சிரைப்பு நோயுடைய சிறுமியும் அன்று கேட்ட நகைப்பொலியை எளிதில் மறவார். ஜெர்மனி நாட்டில் ஒரு தாய், தம் மகன் அழுதுகொண்டு வீடு திரும்பியது கண்டு, பள்ளிகளின் கட்டாய விளையாட்டுப் போட்டியை நீக்குமாறு 2015-ஆம் ஆண்டில் விண்ணப்பம் எழுப்பினார். பல்லாயிரவர் அதிற் கையொப்பமிட்டனர். பின்னர், 2023-ல் தொடங்கிய கல்வியாண்டு முதல் அந்நாட்டார் தொடக்கப் பள்ளிச் சிறுவர்க்குப் போட்டியின் கடுமையைத் தணித்தனர், விழாவை ஒழித்தாரல்லர்.

ஒழியாமை நன்றே. ஓட இயலாத பிள்ளைக்கு விலக்கு அளித்து நிழலில் அமர்த்துவது இரக்கம்போலத் தோன்றும். உண்மையில், அவனுக்கே மிகவும் வேண்டியதை அவனிடமிருந்து பறிப்பதாகும். 5 வயது முதல் 17 வயது வரையுள்ளோர் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடமேனும் உடல் நன்கு உழைக்க ஆடியோட வேண்டும் என உலக சுகாதார நிறுவனத்தார் கூறுகின்றனர். இது வீரர்க்கு மட்டும் விதித்த விதியன்று.

அங்ஙனமாயின் குற்றம் எங்குள்ளது? விழா நாளில் அன்று. ஏனைய நாட்களில் உள்ளது என்பதே நம் துணிபு. விளையாட்டுக்கென ஒதுக்கிய பாடவேளையைத் தேர்வு நெருங்குந்தோறும் கணக்கும் விஞ்ஞானமும் கவர்ந்துகொள்ளுதலை யார் அறியார்? ஆண்டு முழுதும் உழாத நிலத்தில் ஒருநாள் அறுவடைத் திருவிழா எடுத்தால், தானே முளைத்த நாலைந்து கதிரே கைக்கு வரும். ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1924-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்திற்கு இந்திய அணியினரோடு சென்றவர். வீரரின் பெருமையை நன்கறிந்த அவரே, 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தோற்றுவித்து, பள்ளிகளுக்கு உடற்பயிற்சி ஆசிரியரை ஆக்கித் தருவதில் தம் உழைப்பைச் செலுத்தினார். நாள்தோறும் பயிற்றும் ஆசிரியர் இல்லையேல், விழா வெறுங் காட்சியே.

நிற்க, விழாவின் அமைப்பும் திருந்த வேண்டும். திரேஸ்புரத்துக் கடலோரச் சிறுவன் அலையில் மீனென நீந்துவான். நூறு மீட்டர் ஓட்டத்தில் அவன் ஈற்றில் வந்தால், அவனை வலியற்றவன் என்பது பொருந்துமோ? நாம் அளந்தது அவன் ஆற்றலில் ஒரு சாணே. ஓட்டமும் தாண்டலும் மட்டுமன்றி, கிளித்தட்டு, கயிறிழுத்தல், குறிபார்த்தெறிதல் ஆகியனவும் இடம்பெறுக. கயிறிழுக்குங்கால் பருத்த உடலே அணிக்குப் பலமாகும். ஜப்பானில் 1874-ல் டோக்கியோ கடற்படைப் பள்ளியில் ஆங்கிலேய ஆசிரியரால் தொடங்கிய விளையாட்டு விழா, பிற்காலத்தில் சிவப்பணி, வெள்ளையணி எனப் பள்ளி முழுதும் ஆடும் விழாவாயிற்று. உயர்ந்த கழியில் கட்டிய கூடையில் எல்லாரும் பந்தெறிவர், பின் எண்ணுவர். அங்கே மெலிந்த பிள்ளையின் பந்தும் ஒன்றாகவே எண்ணப்படும்.

நம் கடற்கரையும் நமக்கு ஒன்று கற்பிக்கின்றது. தூத்துக்குடியில் 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோன முத்துக்குளிப்பில், கல்லைப் பற்றி ஆழத்தில் இறங்குவோன் ஒருவன். படகில் நின்று அவன் கயிற்றைப் பிடிப்போன் மற்றொருவன். கயிறு அசைந்தவுடன் இழுக்கத் தவறின், கீழே உள்ளவன் உயிர் என்னாம்? ஆதலின் மைத்துனன் கையிலேயே கயிற்றை ஒப்படைப்பர் என இக்கரையோர் கூறுவர். விழாவிலும் நேரம் குறிப்போர், நடுவர்க்குத் துணைநிற்போர், அணி வகுப்போர் வேண்டும். இப்பணிகள் பரிசிலினும் தாழ்ந்தவையல்ல. ஆயினும் ஓர் எச்சரிக்கை: நோட்டுப் புத்தகத்தை ஒருவன் கையில் என்றென்றைக்கும் கொடுத்துத் திடலினின்று அவனை விலக்கிவிடலாகாது. குறிப்பெழுதினோனும் ஓர் ஆட்டமேனும் ஆடுக. வெற்றி பெற்ற வீரனும் ஒருமுறை கயிறு பிடிக்கக் கற்க.

விழா செவ்வனே நடந்ததா என்பதைப் பரிசிற் பட்டியலைக் கொண்டு அறிதல் இயலாது. ஈற்றில் வந்த பிள்ளை மறுநாள் மாலை தானே விரும்பித் திடலுக்கு வருகின்றானா என்று தலைமையாசிரியர் நோக்குக. வந்தானாயின் விழா வென்றது. வாரானாயின், கோப்பைகள் எத்தனை வழங்கினும் பள்ளியே தோற்றது.