மரிக்காராகவே அறியப்பட்ட ராமதாஸ்

எழுபதுகளில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி, ஐயர் ஆகிய நால்வரையும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ‘கோமாளிகளின் கும்மாளம்’ தொடங்கிவிட்டால் வீட்டில் வேறு பேச்சுக்கு இடமிராது. கொழும்பு முஸ்லிம் மரிக்காராக எஸ். ராமதாஸ், யாழ்ப்பாணத்து அப்புக்குட்டியாக ரி. ராஜகோபால், சிங்கள வாடையோடு தமிழ் பேசும் உபாலியாக எஸ். செல்வசேகரன். ஐயராக வந்தவர் யாரென்றால், நம் பி. எச். அப்துல் ஹமீத். இன்றைக்கு இப்படிப் பாத்திரம் பிரித்தால் எத்தனை கண்டன அறிக்கைகள் கிளம்புமோ!

அந்த நாடகம் 1976இல் ‘கோமாளிகள்’ என்ற பெயரில் திரைக்கு வந்தது. இந்தியப் படங்கள் அரங்குகளை நிறைத்திருந்த காலத்தில் நம் நாட்டுத் தமிழ்ப் படமொன்றுக்குச் சனம் திரண்டது. ராமதாஸ் மேடை, வானொலி, திரை, தொலைக்காட்சி என்று எல்லாவற்றிலும் நடித்தார். மரிக்கார் என்ற பெயர் மட்டும் அவருடைய சொந்தப் பெயருக்கு முன்னால் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. 2016இல் சென்னையில் மறைந்தபோதும் செய்திகள் அவரை அப்படியே குறிப்பிட்டன.

அவர் முஸ்லிம்களைக் கேலி செய்தார் என்று சொல்வோர் நம்மிலும் உண்டு. மிகைப்படுத்தல் இருந்தது உண்மைதான். நகைச்சுவை நாடகத்தில் யாழ்ப்பாணத்தாரும் ஐயரும் அதிலிருந்து தப்பவில்லையே. ஆனால் காது கூர்மையில்லாதவரால் அந்தப் பாத்திரத்தைச் செய்திருக்க முடியாது. ‘நான் வந்த’, ‘அவர் வந்த’ என்று ஆளுக்கேற்ற விகுதியில்லாமல் முடியும் மேற்குக் கரை முஸ்லிம்களின் பேச்சு, அதைப் பிறப்பிலிருந்து பேசாத ஒருவரின் வாயில் பிசகில்லாமல் வந்தது. அது நையாண்டியால் மட்டும் வருகிற சங்கதியில்லை, பழகினால்தான் வரும்.

கிழக்குக் கரை முஸ்லிம்களான நமக்குள்ள மனக்குறை வேறு. மரிக்காரின் தமிழ் கல்முனைத் தமிழில்லை. சம்மாந்துறையிலோ அக்கரைப்பற்றிலோ அப்படி யாரும் பேசுவதில்லை. இருந்தும், முஸ்லிம் என்றால் இப்படித்தான் பேசுவார் என்று நாடு முழுக்க நம்பியது. மருதமுனையிலிருந்து மருதூர்க்கொத்தன் நம் பேச்சைச் சிறுகதைக்குள் கொண்டுவந்தார். அதை நாடறிய நடித்துக் காட்ட ஒரு ராமதாஸ் நமக்கு அமையவில்லை. கூத்தும் நாடகமும் மார்க்கத்தில் கூடுமா என்ற தயக்கம் ஒரு பக்கம், பிறகு வந்த யுத்தம் மறுபக்கம். பழியை முழுக்கக் கொழும்பின் மீது போட்டுவிட்டு நாம் கையைக் கழுவ முடியாது. பாடசாலைக் கலைவிழாவில் நடித்த பிள்ளைகளைப் பரிசு கொடுத்து வீட்டுக்கு அனுப்பியதோடு நம் வேலை முடிந்துவிட்டது என்றுதானே இருந்தோம்?

இந்தக் கரையில் மேடையேறிய நாடகங்களின் கையெழுத்துப் பிரதிகள், ஒலிநாடாக்கள், படங்கள் எவரிடமேனும் இருந்தால் எமக்கு அறியத் தாருங்கள். பிரதியெடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருவோம். நடித்தவர்கள் உயிரோடிருந்தால் அவர்களைச் சந்திக்க நாமே வருகிறோம்.