கோட்டை வாயிற் கல்லும் நம் மாணவரும்

சென்ற ஆண்டு ஆடி மாதத்து மாலைப்பொழுதொன்றில், பாலையூற்றிலுள்ள எமது இல்லத்து விறாந்தைக்கு அயல் மாணவர் ஐவர் வந்தனர். தாம் குழுவாகச் செய்து முடித்த ஆய்வுச் செயற்றிட்டத்தைப் பார்வையிட்டுத் திருத்தித் தருமாறு கேட்டனர். பொருள்: பிரெட்றிக் கோட்டை. நாற்பது பக்கங்கள், பளபளக்கும் வண்ணப் படங்கள், முகப்பில் பொன்னிற எழுத்து. இரட்டை மீன் இலச்சினைக்கும் வாயிற் கல்வெட்டுக்கும் ஒரு முழு அதிகாரமே ஒதுக்கியிருந்தனர். அதைப் படித்து முடித்த யாம் ஒன்று கேட்டோம்: “தம்பிமாரே, அந்த மீன் வாயிலின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?”

ஐவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். வெள்ளிக்கிழமை தோறும் துவிச்சக்கர வண்டியில் அந்த வாயிலைக் கடந்து கோணேசர் சந்நிதிக்குச் செல்லும் பிள்ளைகள் அவர்கள். கோட்டைக்குள் மேயும் மான்களுக்கு வாழைப்பழத்தோல் கொடுக்க நின்றதுண்டாம். கல்லைப் பார்க்க நின்றதில்லை.

இதை அவர்கள் குற்றமென்று யாம் கூறோம். எம் காலத்து மாணவராகிய யாமும் அவ்வழியே நடந்து நின்று பாராதவர்களே. ஆயினும் நம் கல்லூரி விழாக் கொண்டாடும் இவ்வேளையில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். நூல்களிலும் இணையத்திலும் பிறர் எழுதியதை எடுத்து ஒட்டுவது ஆய்வன்று. திருகோணமலையில் வாழும் மாணவனுக்கு அது சற்றும் பொருந்தாது. ஏனெனில் இலங்கையில் எந்த மாணவனுக்கும் எளிதிற் கிட்டாத சான்றுகள் அவன் வீட்டிலிருந்து அரைமணி நேரத் தொலைவிலே கிடக்கின்றன.

அந்தக் கோட்டையைச் சற்று எண்ணிப் பாருங்கள். போர்த்துக்கேயத் தளபதி கொன்சுதந்தீனு த சா கோணேசர் ஆலயத்தை இடிப்பித்து அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினான். இடித்தது 1622இல், கட்டியது 1624இல் என்பது பெருவழக்கு. 1639இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1782 என்னும் ஓராண்டிலேயே சனவரியில் ஆங்கிலேயர் பிடித்தனர். ஆகத்தில் சவ்றன் தலைமையில் வந்த பிரெஞ்சுக்காரர் பறித்தனர். 1795இல் மீண்டும் ஆங்கிலேயர். இன்றைய பெயர் 1803இல் யோர்க் கோமகனின் பெயரால் இடப்பட்டது. இத்தனை கைமாறியும் பாண்டியரின் மீனும் தமிழெழுத்தும் வாயிலில் நிற்கின்றன. கட்டியவனுக்கு அவை வெறுங் கற்கள்.

நாம் மேடைதோறும் கூறும் குளக்கோட்டன் பாட்டு முழுமையானது. கல்லில் உள்ளதோ சிதைந்த வரிகள். பல எழுத்துகள் இல்லை. பாட்டு எங்கிருந்து நிரப்பப்பட்டது, யார் நிரப்பினர், கல்லில் உறுதியாக வாசிக்கக் கூடியவை எத்தனை எழுத்துகள் என்பவற்றைக் கேட்பதே ஆய்வு. எமக்குத் தெரிந்த வேறொரு குழு “கோணேசர் கல்வெட்டு” என்னும் கல்லைத் தேடி இரண்டு நாள் அலைந்தது. அது கல்லன்று, நூல் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சிரிப்பு வந்தது, ஆனால் அவர்களாவது தேடிப் போனார்களே என மகிழ்ந்தோம்.

இனி, சிலருக்குக் கசக்கக்கூடிய ஒன்றைக் கூறுகின்றோம். இவ்வூரின் வரலாறு மூன்று இனத்தாரும் உரிமை பேசும் வரலாறு. அவரவர் தமக்கு ஏற்ற பக்கத்தைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொள்கின்றனர். நம் பிள்ளைகளுக்கும் அந்தப் பழக்கத்தையே கற்பிக்கிறோமோ என்று அஞ்சுகின்றோம். கோட்டையினுள் கிடைத்த வடமொழிச் சாசனம் ஒன்று, கிரந்த எழுத்திலே, சக ஆண்டு 1145இல், அதாவது கி.பி. 1223இல், சோடகங்கன் என்பான் கோகர்ணத்துக்கு வந்ததைக் கூறுகின்றது. அவனே குளக்கோட்டன் என்பாரும் உளர்; அல்லன் என்பாரும் உளர். மகாசேனன் கோகர்ணத்திலே தேவர் கோயிலை அழித்து விகாரை எடுத்தான் என்று மகாவம்சம் கூறும். அச்செய்தியை ஒரு சாரார் விகாரைக்குச் சான்றாகவும் மறு சாரார் கோயிலுக்குச் சான்றாகவும் காட்டுவர். ஒரே வரி இரண்டுக்கும் சான்றாவதை ஒரு மாணவன் தானே கண்டுகொண்டால், ஆயிரம் மேடைப்பேச்சுகள் அவனை ஏமாற்றமாட்டா. இடித்தவர் பக்கத்துப் பாதிரியாராகிய குவேறோஸ் 1687இல் எழுதி முடித்த நூலே அழிந்த ஆலயத்தின் பெருமைக்குச் சான்று தருகின்றதையும் அவன் அறியவேண்டும்.

சுவாமிமலைத் தூணின் கதையும் அத்தகையதே. காதலன் கப்பலேறிப் போகக் கண்டு பிரான்சினா என்னும் ஒல்லாந்தப் பெண் கடலிற் குதித்தாள் என்று நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்தோம். தூணில் 1687 எனப் பொறித்திருப்பது உண்மை. ஆனால் அதன் பின்னும் அவள் உயிருடன் இருந்து மணஞ்செய்து வாழ்ந்தாள் என்பதை ஒல்லாந்தர் ஆவணங்கள் காட்டிவிட்டன. கதையை விடவேண்டியதில்லை, கதையென்று அறிந்து சொன்னாற் போதும்.

நம் கல்லூரிக்கு ஒரு காலம் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள், மறைந்துபோன யாழை நூல்களிலிருந்தும் கணக்கிலிருந்தும் மீட்டெடுக்கப் பல்லாண்டு உழைத்து 1947இல் யாழ் நூலை வெளியிட்டார்கள். அடிகளின் படத்துக்கு மாலையிடும் நாம், அவர்களுடைய பொறுமையில் ஒரு சிறு பங்கையேனும் மாணவர்க்கு ஊட்டுகின்றோமா?

பழைய மாணவர் சங்கத்தாரிடம் எமது வேண்டுகோள் சிறியது. விழா நினைவாக இன்னொரு வளைவு கட்ட நினைக்கும் பணத்தில் ஒரு பகுதியை நூலகத்துக்குத் தாருங்கள். குவேறோசை ஆங்கிலத்தில் தந்த பெரேரா அடிகளின் 1930ஆம் ஆண்டுப் பதிப்பு, எபிகிராபியா செய்லனிக்காத் தொகுதிகள், குணசிங்கத்தின் கோணேஸ்வரம், பத்மநாதனின் இலங்கைத் தமிழ்ச் சாசனங்கள் ஆகியன ஓர் அலுமாரித் தட்டில் அடங்கும். ஆசிரியர்களிடம் வேண்டுவது: குழுவில் நான்கு தமிழ்ப் பிள்ளைகள் இருந்தால், அயற் பாடசாலைகளிலிருந்து ஒரு முஸ்லிம் பிள்ளையையும் ஒரு சிங்களப் பிள்ளையையும் சேர்த்து அனுப்புங்கள். பக்கங்களை எண்ணிப் புள்ளியிடுவதையும் விடுங்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு. எழுத்துத் தெளியட்டும் என்று கல்லில் வெண்கட்டி தேய்ப்பதும் எண்ணெய் பூசுவதும் ஆகா. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் சட்டம் இருக்கின்றது, சட்டம் இல்லாவிடினும் கல் கெடும். காலை வெயில் சாய்ந்து விழும்போது போனால் கண்ணே போதும்.

ஐவரும் அடுத்த சனிக்கிழமை விடியற்காலையே போனார்கள். திரும்பி வந்து எம்மிடம் நீட்டியது ஒரே ஒரு தாள். மீனின் உருவம் பென்சிலால், கொஞ்சம் கோணலாக வரைந்திருந்தது. அதன் கீழே, வரிக்கு வரி, வாசிக்க முடிந்த எழுத்துகள். முடியாத இடங்களிலெல்லாம் புள்ளிகள். நிரப்பிவிடலாமா என்று ஒருவன் கேட்டானாம். மற்றவன் வேண்டாமென்று தடுத்துவிட்டானாம்.