கிராமத்து உலைக்களம் அணையலாகுமா?

உழவுத் தொழிலுக்கு நிலமும் நீரும் வித்தும் இன்றியமையாதன என்பதை எடுத்துச் சொல்லவேண்டுவதில்லை. கருவியின் வாய் கூராயிருக்கவேண்டும் என்பதும் யாவரும் அறிந்ததே. ஆயினும், அக்கூரை உண்டாக்கித் தருபவர் ஊரில் இருக்கிறாரா என்பதைப்பற்றிப் பெரும்பாலோர் கவலை கொள்வதில்லை. கொல்லர் உலை அணைந்துபோன கிராமங்களைப் பல ஜில்லாக்களிலும் காணலாம். அங்கே ஒரு கோடாலிக்குத் தோய்ச்சல் போடவேண்டுமானால், அதைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறவேண்டியிருக்கிறது.

முற்காலத்தில் கொல்லருக்குக் களத்துமேட்டில் மேரையாக நெல் அளக்கப்பட்டது. சில ஊர்களில் மானிய நிலமும் இருந்தது. அதற்கு ஈடாக வருஷம் முழுவதும் கொழு காய்ச்சித் தருவதும், அரிவாளுக்குக் கருக்கு வெட்டித் தருவதும் அவர் கடமையாயிருந்தன. அவ்வேற்பாட்டில் தொழிலாளருக்குத் தாழ்வும் இருந்ததாகையால், அது திரும்ப வரவேண்டுமென்று நியாயமறிந்தவர் எவரும் விரும்பார். ஆனால் அது போன இடத்தில் வேறொன்று வைக்கப்படவில்லை. கூலியை ரொக்கமாகக் கேட்டால் நிலக்காரர் பேரம் பேசுகிறார். படியாவிடில் கடைக்குப் போகிறார். கடையில் சொன்ன விலையை மறுபேச்சின்றிக் கொடுப்பவரே உலையின் முன்னே நின்று பத்து ரூபாய்க்கு வாதாடுவது விந்தையே. கொல்லரின் மகன் இதைப் பார்த்து வளர்கிறான். அவன் வெல்டிங் பட்டறைக்குப் போய்விட்டால் அது யார் குற்றம்?

டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வந்தபின் உலைக்கு வேலை ஏது என்று சிலர் கேட்பர். காவிரிப் பாசன நிலங்களில் நெல்லறுப்பைப் பெரும்பாலும் இயந்திரமே செய்கிறது என்பது உண்மைதான். ஆனால் வரப்பு வெட்டுதல், வாய்க்கால் தூர் எடுத்தல், களை கொத்துதல், கரும்பு வெட்டுதல், தென்னை மட்டை கழித்தல், ஆட்டுக்குத் தழை ஒடித்தல் ஆகிய இவையெல்லாம் இன்னும் கைவேலைகளாகவே இருக்கின்றன. டிராக்டர் கலப்பையின் கொழு தேய்ந்தாலும் அதை நீட்டிக் கொடுக்கக்கூடியவர் கொல்லரே.

மேலும், கடைக் கருவி எல்லா ஊருக்கும் ஒரே அளவாகச் செய்யப்படுவது. ஈரக் களிமண்ணில் வரப்புச் செதுக்குவதற்கும், சுக்கான் கலந்த செம்மண் காட்டில் குழி பறிப்பதற்கும் ஒரே மண்வெட்டி பொருந்தாது. இலையின் அகலமும், காம்புக்கும் இலைக்கும் உள்ள கோணமும் மண்ணுக்கும் ஆளுக்கும் தக்கபடி மாறவேண்டும். களை எடுப்போர் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் கைக்குக் கனமான களைக்கொத்தைக் கொடுத்துவிட்டு, பிற்பகலில் வேலை தளர்கிறதென்று குறைகூறுவது முறையன்று. உள்ளூர்க் கொல்லரிடம் சொன்னால் காம்பைக் குறைத்து இலையை ஒடுக்கி அரைமணியில் தந்துவிடுவார்.

இனி எஃகைப்பற்றிச் சிறிது அறிதல் நலம். கரி குறைந்த மெல்லிரும்பை எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் அது கடினமாகாது. நூற்றுக்கு அரைப் பங்கு அளவில் கரி சேர்ந்த எஃகே வாய்க்கு ஏற்றது. லாரியின் பழைய வில்பட்டை இவ்வகையைச் சேர்ந்தது. நமது கொல்லர்கள் அரிவாளுக்கு அதை விரும்புவதன் காரணம் இதுவே. பட்டையில் மயிரிழை வெடிப்பு இருந்தால் தள்ளிவிடவேண்டும். அடித்து உருவாக்கியபின் மீண்டும் பழுக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டால், அரத்துக்கும் உளிக்கும் இளகிக் கொடுக்கும். கருக்கு வெட்டுவது அப்போதுதான்.

அதன்பின் வருவதே தோய்ச்சல். வாய்ப்பக்கத்தைச் செக்கச்செவேலென்று காய்ச்சி, காந்தம் பற்றாத நிலைக்குச் சற்று மேலே கொண்டுசெல்லவேண்டும். காந்தம் பற்று விடுவது சுமார் 770 டிகிரி சென்டிகிரேடில். ஒரு சிறு காந்தத்துண்டு இருந்தால் இதை எவரும் சோதித்துக்கொள்ளலாம். வில்பட்டை எஃகை எண்ணெயில் தோய்ப்பதே பத்திரம். தண்ணீரில் தோய்த்தால் மெல்லிய வாய் வெடித்துவிடக்கூடும். இந்நிலையில் வாய் கண்ணாடிபோல் கடினமாயிருக்கும். கல்லில் பட்டால் சிதறும். ஆகையால் அதை உரைத்து வெளுப்பாக்கி மறுபடியும் இலேசாகச் சூடேற்றுவர். சூடு ஏற ஏற எஃகின்மேல் நிறங்கள் ஓடும். 220 அல்லது 230 டிகிரியில் வைக்கோல் நிறம், 250-க்கு மேல் தவிட்டு நிறம், 270-க்கு மேல் கத்தரிப்பூ நிறம், 300-ஐ நெருங்கும்போது நீலம். அரிவாளுக்குத் தவிட்டு நிறமும், அடி தாங்கவேண்டிய கோடாலிக்கும் மண்வெட்டிக்கும் கத்தரிப்பூ நிறமோ நீலமோ தகும். கொல்லர் நிழலில் உலை வைப்பது வெயிலுக்குப் பயந்தன்று; இந்நிறங்கள் வெயிலில் கண்ணுக்குப் புலப்படா.

இவ்வளவு பாடுபட்டு ஏற்றிய பதத்தைச் சாணைச் சக்கரம் ஒரு நிமிஷத்தில் அழித்துவிடுகிறது. மின்சாரச் சக்கரத்தில் அழுத்திப் பிடித்த அரிவாள் அரிவாளின் வாய் நீலம் பாய்ந்து கறுத்தால், அவ்விடம் இளகிவிட்டது என்று பொருள். அன்று நன்றாக வெட்டும், மறுநாள் மழுங்கும். கல்லும் நீரும் கொண்டு தீட்டுவதே சிறந்தது. சக்கரந்தான் வேண்டுமென்றால் அடிக்கடி நீரில் நனைத்துப் பிடிக்கவேண்டும்.

சில குடியானவர்கள் தங்கள் கொல்லையிலேயே சிற்றுலை வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள். அது வரவேற்கத்தக்கதே. களிமண் பூசிய ஒரு குழி, காற்றடிக்க ஓர் இரும்புக் குழாயும் கைத்துருத்தியும், சீமைக் கருவேலங்கரி, கனமான ஒரு இரும்புக் கட்டை, குறடு, சுத்தி ஆகியவை போதும். மாட்டு முளை, கொக்கி, சங்கிலி வளையம், துறட்டி ஆகியவற்றை இதில் செய்துகொள்ளலாம். வளைந்த கடப்பாரையையும் நிமிர்த்தலாம். வெட்டும் வாய்க்குத் தோய்ச்சல் போடுவதைமட்டும் பழகும்வரை கொல்லரிடம் விட்டுவிடுவது உத்தமம். துத்தநாகம் பூசிய குழாயையோ தகட்டையோ உலையில் வைக்கலாகாது. அதன் புகை காய்ச்சலை உண்டாக்கும். தோய்க்கும் எண்ணெயைப் பிளாஸ்டிக் வாளியில் வைப்பதும் ஆபத்து. இரும்புப் பாத்திரமும், தீப்பற்றினால் மூட ஒரு இரும்பு மூடியும் வேண்டும்.

கொல்லர் இன்னும் இருக்கும் கிராமங்களில் செய்யவேண்டுவது அதிகமில்லை. நிலக்காரர்கள் பத்துப்பேர் கூடி, பருவம் தொடங்குமுன் தங்கள் கருவிகளை ஒருங்கே அனுப்பி, பேசிய கூலியில் பாதியை முன்பணமாகக் கொடுத்தால், அவருக்குக் கரியும் பட்டையும் வாங்க வழி பிறக்கும். விதைப்புக்கு முதல்நாள் எல்லாரும் ஒருமிக்க ஓடிவந்து நெருக்கும் தொல்லையும் இராது. பஞ்சாயத்தார் பொது இடத்தில் ஒரு கூரையும் மின்துருத்திக்கு ஓர் இணைப்பும் ஏற்பாடு செய்து தரலாம். கிராம அதிகாரிகள் ஒன்றுமட்டும் கவனிக்கவேண்டும். அடைகல்லுக்கு ரயில் தண்டவாளத் துண்டு மிகப் பொருத்தமானது; ஆனால் திருடப்பட்டதென்று சந்தேகிக்கத்தக்க ரயில்வே சாமானை வைத்திருப்பது 1966-ஆம் வருஷத்திய சட்டப்படி குற்றமாகும். ஆகையால் அதை ரசீது கொடுக்கும் கடையிலேயே வாங்கி, அந்த ரசீதைப் பட்டறையில் பத்திரமாக வைத்திருக்கும்படி கொல்லருக்குச் சொல்லவேண்டும்.