பயில்வான் எண்ணும் பயந்த பிள்ளையும்

நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கத்தில், தேனி சாலையில், மதுரை காமராசர் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1966-ல் தொடங்கப்பட்டது. அங்கே உயர்ந்த கணிதம் கற்பிக்கிறார்கள். ஆனால் அந்தச் சாலையோர வீடுகளிலும், மற்ற ஊர்களைப் போலவே, கணக்கு என்றால் அழும் பிள்ளைகள் இருக்கத்தானே செய்வார்கள்? எண் நீளமாக இருந்தால் பயம்!

அந்தப் பயம் வேண்டாதது. பெற்றோரே அதைப் போக்கிவிடலாம்.

24 வாழைப்பழம் வாங்குங்கள். 2 பேருக்குப் பங்கிடலாம். 3, 4, 6, 8, 12 பேருக்கும் மீதியில்லாமல் பங்கிடலாம். 1 பேர், 24 பேர் என்பதையும் சேர்த்தால் 8 வகை. 23 பழம் வாங்கினால்? ஒருவரே தின்ன வேண்டும், அல்லது 23 பேர் ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். வேறு வழி கிடையாது. 23 பகா எண். 24 பகு எண்.

24-க்குக் கீழே உள்ள எந்த எண்ணையும் 8 வகையாகப் பங்கிட முடியாது. இப்படித் தனக்கு முந்திய எல்லாரையும் வென்ற எண்ணைப் பயில்வான் எண் எனலாம். 12 பயில்வான். 60 பயில்வான். 30 அல்ல, அதற்கும் 8 வகைதான், 24 முந்திக்கொண்டது.

பழைய ரூபாய்க்கு 16 அணா. அதாவது 192 தம்பிடி. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு ரூபாயைப் பங்கிட்டால் ஆளுக்கு ஐந்தணா நாலு தம்பிடி. தகராறு இல்லை. 1957 ஏப்ரல் 1-ந் தேதி நயா பைசா வந்தது. ரூபாய்க்கு 100. மூன்று பேருக்கும் 33 கொடுத்தால் ஒன்று மிஞ்சும்! புதுக் காசு கணக்கெழுத வசதிதான். பங்கு போட மட்டும் பழைய காசு கெட்டிக்காரக் காசு.

இந்தப் பயில்வான்களை ஆராய்ந்தவர் நம் சீனிவாச ராமானுஜன். ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, 1914-ல் இங்கிலாந்து சென்றவர். மறு ஆண்டே இவற்றைப் பற்றி லண்டனில் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். அதற்காக 1916-ல் கேம்பிரிட்ஜ் பட்டமும் பெற்றார். கட்டுரையில் 102 பயில்வான்களின் பட்டியல் இருக்கிறது. கடைசி எண் 6746328388800. அதாவது 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800! அதை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் 10,080.

பார்த்தால் மலைப்புத்தான். ஆனால் பிரித்துப் பாருங்கள். ஆறு 2, நாலு 3, இரண்டு 5, இரண்டு 7; பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்று. இவற்றைப் பெருக்கினால் அந்த எண் வந்துவிடும். 23-க்கு மேல் ஒன்றும் தேவையில்லை!

பள்ளிக்கூடத்தில் இதற்குப் 'பகாக் காரணிப்படுத்துதல்' என்று பெயர். பெயரே மிரட்டுகிறது. பிள்ளைகள் மார்க்குக்காகச் செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். செல்போனில் தட்டினால் விடை வருமே என்பார்கள். வரும். ஆனால் பிரித்துப் பார்த்த பிள்ளைக்கு எண்ணிடம் பயம் போய்விடும். தட்டிப் பார்த்த பிள்ளைக்குப் போகாது. பாடத்தின் தொடக்கத்திலேயே ராமானுஜன் பட்டியலைக் காட்ட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிக் காட்ட வேண்டும். அந்தப் பட்டியலில் ஒரு பயில்வான் விடுபட்டுப் போனான்! பிற்கால அறிஞர்கள் கண்டுபிடித்தார்கள். மேதையின் பட்டியலிலும் விடுதல் உண்டு என்றால், ஒரு கணக்குத் தப்பியதற்காகப் பிள்ளையின் காதைத் திருகுவது என்ன நியாயம்?

விடுபட்ட எண் 293318625600. அதை வகுக்கும் எண்கள் 5,040. பலகையில் எழுதி, பிள்ளையை 23-ஆல் பெருக்கச் சொல்லுங்கள். பட்டியலின் கடைசிப் பயில்வான் வந்து நிற்பான்!