அருவி வற்றும்போது வானம் திறக்கிறது: தென்காசிக்கு ஏன் ஒரு 'நட்சத்திர சீசன்' தேவை?

குற்றாலத்துக்கு எப்போ போகலாம்னு யாரைக் கேட்டாலும் ஜூன், ஜூலைன்னுதான் பதில் வரும். தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரலைக் கொண்டுவரும் மாதங்கள் அவை. அப்போது இரவில் அண்ணாந்து பார்த்தால் தெரிவது மேகம் மட்டும்தான். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நிலைமை அப்படியே தலைகீழ். மெயினருவியில் பாறை தெரியும், லாட்ஜ் வாடகை இறங்கும், கூட்டம் இருக்காது. ஆனால் வானம் பளிச்சென்று இருக்கும்.

தென்காசி மாவட்டம் இந்த மாதங்களை 'ஆஃப் சீசன்' என்று கணக்கில் எழுதிவிட்டுக் கடந்துபோகிறது. வானியல் கண்ணோட்டத்தில் பார்த்தால் சீசனே இதுதான்.

இங்கே அப்படி என்ன தெரியும்?

தென்காசி ஏறக்குறைய 9 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால், வட வானமும் தென் வானமும் சேர்ந்தே கிடைக்கின்றன. வடக்கே துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து சுமார் 9 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் எவ்வளவு உயரமோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

தெற்கே திரும்பினால்தான் விஷயமே இருக்கிறது. டெல்லியில் ஒருபோதும் முழு வடிவில் எழாத தென் சிலுவை, ஏப்ரல் நடுவில் இரவு 11 மணி வாக்கில் இங்கே நேர் தெற்கில் நிமிர்ந்து நிற்கும். நள்ளிரவை ஒட்டி அதற்கு மேலே ஒமேகா சென்டாரி. வெறுங்கண்ணுக்கு மங்கலான ஒரு புள்ளி, சாதாரண பைனாகுலரில் பஞ்சுப்பொதி. உண்மையில் அது சுமார் 17,000 ஒளியாண்டு தொலைவில், ஏறத்தாழ 1 கோடி நட்சத்திரங்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் கொத்து. ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் இருப்பவர்கள் இதைப் பார்க்க விமானம் ஏறணும். தென்காசிக்காரர் மொட்டை மாடி ஏறினால் போதும்.

இன்னொன்று, கொஞ்சம் நம்ம ஊர்ச் சங்கதி. அகத்தியர் பெயர் பெற்ற நட்சத்திரம் (உலகம் இதை கனோபஸ் என்கிறது) இரவு வானத்தின் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரம். பிப்ரவரி, மார்ச் முன்னிரவில் அது தெற்கே நிற்கும். தென்காசியிலிருந்து அகத்தியமலையும் கிட்டத்தட்ட நேர் தெற்கில்தான். அதாவது அகத்தியர் மலைப் பக்கம் பார்த்தால் மேலே அகத்தியர் நட்சத்திரம். புராணம் எப்படியோ, பள்ளிப் பிள்ளைகளுக்குத் திசை சொல்லிக்கொடுக்க இதைவிட எளிதான வழி கிடைக்காது.

ஒரே சிக்கல், குற்றாலத்தில் மலை மிக அருகே எழுவதால் மேற்கு அடிவானம் மறைந்துவிடும். அருவிக்கரைக் கடை விளக்குகள் வேறு. இரவில் காட்டுக்குள் போகவும் வழியில்லை, போகவும் கூடாது. ஆக, நட்சத்திரம் பார்க்க ஏற்றது குற்றாலம் அல்ல, அதற்குக் கிழக்கே பாவூர்சத்திரம், சுரண்டை பக்கத்துத் திறந்த வயல்வெளிகள்.

கோளரங்கம் எங்கே இருக்கு?

அருகில் இருப்பது திருநெல்வேலியில். கொக்கிரகுளத்தில் உள்ள மாவட்ட அறிவியல் மையம், தேசிய அறிவியல் அருங்காட்சியகங்கள் குழுமத்தின் கீழ் 1987 முதல் இயங்குகிறது. கோளரங்கக் காட்சி, தொலைநோக்கி வழியே வான்நோக்கல், கிரகண நாட்களில் பாதுகாப்பாகப் பார்க்க ஏற்பாடு எல்லாம் அங்கே உண்டு. மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தின் பிரியதர்சினி கோளரங்கம், நூறு கிலோமீட்டருக்கு மேல். திருச்சியும் சென்னையும் ரொம்ப தூரம்.

2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமானது. ஆட்சியர் அலுவலகம் வந்தது, எஸ்.பி. அலுவலகம் வந்தது. அறிவியல் மையம் நெல்லையிலேயே நின்றுவிட்டது. பகல் காட்சிக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் பஸ்ஸில் போய் வருவது பள்ளிகளுக்குப் பழகிய விஷயம்தான். வான்நோக்கல் அப்படி இல்லை. அது முடியவே இரவு ஒன்பதாகிவிடும். அதற்கப்புறம் புளியங்குடிக்கோ செங்கோட்டைக்கோ பிள்ளைகளை யார் கொண்டுபோய் விடுவது? முதலில் "வேண்டாம்" என்று சொல்லப்படுவது பெண் பிள்ளைகளுக்குத்தான். அதனால் நிகழ்ச்சி இருக்கிற இடத்துக்குப் பிள்ளைகள் போவதைவிட, பிள்ளைகள் இருக்கிற இடத்துக்கு நிகழ்ச்சி வருவதே சரி.

அது கஷ்டமும் இல்லை. காற்றடைத்து நிமிர்த்தும் நடமாடும் கோளரங்கத்தை ஒரு பள்ளிக் கூடத்தின் ஹாலுக்குள்ளேயே விரிக்கலாம். அரசுப் பள்ளிகளின் 6 முதல் 8-ம் வகுப்பு மாணவர்களுக்காக 2022 நவம்பரில் தொடங்கிய 'வானவில் மன்றம்' திட்டம், நடமாடும் அறிவியல் ஆய்வகத்தை ஏற்கெனவே பள்ளி வாசலுக்குக் கொண்டுபோகிறது. அதோடு ஒரு தொலைநோக்கியும் ஒரு இரவும் சேர வேண்டும், அவ்வளவுதான். ராக்கெட் எஞ்சினைச் சோதிக்கும் மகேந்திரகிரி பக்கத்து மாவட்டத்தில், ஏவுதளம் வரப்போகும் குலசேகரன்பட்டினம் அதற்கடுத்த மாவட்டத்தில். அப்படியிருக்க, இங்குள்ள பிள்ளை சனியின் வளையத்தை யூடியூபில் மட்டுமே பார்த்து வளர்வது விநோதம்தான்.

அவசரம் என்ன?

நட்சத்திரங்கள் எங்கேயும் போகப்போவதில்லை. இருட்டுதான் போய்க்கொண்டிருக்கிறது. 2023-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, 2011 முதல் 2022 வரை பொதுமக்கள் அனுப்பிய பதிவுகளை அலசியது. இரவு வானம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 சதவீதம் வெளுக்கிறது என்று கண்டது. இந்த வேகத்தில், பிறக்கும்போது 250 நட்சத்திரம் தெரிந்த ஊரில் அந்தக் குழந்தைக்கு 18 வயதாகும்போது சுமார் 100 தான் மிஞ்சும்.

அந்தப் பதிவுகளில் பெரும்பகுதி ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் அனுப்பியவை. எனவே இதை அப்படியே தென்காசிக்குப் பொருத்துவது தப்பு. ஆனால் காரணம் இங்கேயும் ஒன்றுதான்: சோடியம் விளக்கைக் கழற்றிவிட்டு மாட்டப்படும் வெள்ளை எல்.இ.டி. மின்சாரம் மிச்சம், சந்தேகமில்லை. அதன் நீலக்கலப்பு ஒளி காற்றில் அதிகம் சிதறி வானத்தையே வெளுக்கவைக்கும். கீழ்நோக்கி மட்டும் ஒளி விழும்படி மறைப்பு வைப்பதும், 3,000 கெல்வினுக்கு மேற்படாத மஞ்சள் சாயல் பல்புகளை வாங்குவதும் போதும். இது பஞ்சாயத்து, பேரூராட்சி டெண்டரிலேயே எழுதக்கூடிய ஒரு வரி. நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் இருள்வானப் பூங்கா அமைக்கப்படும் என்று தமிழக அரசு 2023-ல் அறிவித்தது. ஆக, இருட்டைப் பாதுகாக்கணும் என்பது அரசுக்குப் புதிய யோசனை இல்லை.

இந்த வருஷமே என்ன செய்யலாம்?

பகலிலேயே ஆரம்பிக்கலாம். தென்காசியில் சூரியன் நேர் உச்சிக்கு வரும் 'நிழலில்லா நாள்' ஏப்ரல் 13-ஐ ஒட்டி வருகிறது. பகல் சுமார் 12.20-க்கு நட்டுவைத்த கம்பின் நிழல் அதன் காலடியிலேயே காணாமல்போகும். ஆகஸ்ட் இறுதியிலும் ஒருமுறை இது நடக்கும், ஆனால் அப்போது மேகம் விடுமா தெரியாது. சித்திரை ஒன்றுக்கு லீவு போட்டு பொதிகை எக்ஸ்பிரஸில் ஊருக்கு வருபவர்களுக்கு இது கச்சிதமான தேதி.

இரவுக்கு, 'குளோப் அட் நைட்' என்ற உலகளாவிய கணக்கெடுப்பு இருக்கிறது. தொலைநோக்கி தேவையில்லை. அமாவாசையை ஒட்டிய இரவில் வெளியே வந்து, இருட்டுக்குக் கண் பழக 20 நிமிஷமாவது காத்திருக்கணும். அந்த நேரத்தில் இதைப் படித்துக்கொண்டிருக்கும் போனைத் தொடவே கூடாது. ஒருமுறை திரை ஒளிர்ந்தால் மறுபடி முதலிலிருந்து. பிறகு தலைக்கு மேல் சிம்ம ராசியில் எத்தனை நட்சத்திரம் தெரிகிறது என்று பார்த்து, அவர்கள் தரும் படங்களில் பொருந்துவதைத் தேர்ந்தெடுத்து இணையத்தில் பதிவேற்றினால் வேலை முடிந்தது. மெயினருவி, பாவூர்சத்திரம், சங்கரன்கோவில் என்று மூன்று இடங்களில் ஒரே இரவில் மூன்று பேர் எண்ணினாலே, இந்த மாவட்டத்தில் எங்கே இருட்டு மிச்சமிருக்கிறது என்பதற்கு ஒரு தொடக்கக் கணக்கு கிடைத்துவிடும்.

ஏப்ரல் நடுவில் சிம்மம் உச்சிக்கு வருவது இரவு 9 மணி வாக்கில். மே பாதியைத் தாண்டினால் கோடைமழை மேகம் கூட ஆரம்பித்துவிடும்.