கிணறு ராமநாதபுரத்தில், கையெழுத்து சைதாப்பேட்டையில்!

சென்னை சைதாப்பேட்டை பனகல் மாளிகையில் எத்தனையோ சர்க்கார் ஆபீசுகள். அதில் ஒன்று, மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம். வெளியே பஸ்சுக்கு நிற்கிறவர்களில் பல பேர் அந்தப் பெயரைக் காதில்கூட கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் 2025 மார்ச் மாதம் அந்த ஆணையம் போட்ட ஒரு கையெழுத்து, ராமநாதபுரம் சீமையையே உலுக்கி விட்டது.

20 இடங்களில் சோதனைக் கிணறு போட்டு எண்ணெய், எரிவாயு இருக்கிறதா என்று பார்க்க ஓ.என்.ஜி.சி. நிறுவனம் அனுமதி கேட்டது. ஆணையம் கொடுத்து விட்டது. கிணறு என்றால் கொல்லைப்புறக் கிணறு அல்ல. இரண்டாயிரம், மூவாயிரம் மீட்டர் ஆழத்துக்கு பூமியைத் துளைக்கிற வேலை!

விஷயம் ஊருக்குள் பரவியது ஆகஸ்டு மாதம். விவசாயிகள் கொதித்துப் போனார்கள். உடனே அமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை விட்டார். தமிழ்நாட்டில் எந்தப் பகுதியிலும் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு அரசு இடம் கொடுக்காது, அனுமதியைத் திரும்பப் பெறும்படி ஆணையத்துக்கு சொல்லியாச்சு என்றார்.

மார்ச்சில் "சரி" என்றதும் சென்னை. ஆகஸ்டில் "கூடாது" என்றதும் சென்னை. இது என்ன கூத்து?

யார் வீட்டுப் பிள்ளை?

ஆணையத்தின் பெயரில் "மாநில" என்று இருக்கிறது. ஆட்களின் பெயர்களை சிபாரிசு செய்வதும் மாநில அரசு தான். ஆனால் அதை அமைத்து உத்தரவு போடுவது மத்திய அரசு. அது நடப்பதும் மத்திய அரசு 2006-ல் போட்ட சுற்றுச்சூழல் அறிவிப்பின்படி.

அதாவது, இருப்பது சென்னையில். பின்பற்றுவது டெல்லி விதியை. கோட்டையில் இருக்கிற மந்திரிசபையின் கொள்கை ஒரு பக்கம், விதிப் புத்தகம் ஒரு பக்கம் என்று நிற்கும்போது இப்படித் தான் ஆகும்.

மேஜைக்கு மேஜை

ஒரு எண்ணெய்க் கிணறு போட எத்தனை மேஜை ஏற வேண்டும்?

முதல் மேஜை டெல்லி. எண்ணெய் வயல்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அரசியல் சட்டத்தின் மத்திய பட்டியலில் 53-வது இனம். அதற்கான சட்டம் 1948-லேயே வந்து விட்டது. எரிவாயு சம்பந்தமாக குஜராத் அரசு 2001-ல் தனியாக ஒரு சட்டம் போட்டுப் பார்த்தது. எரிவாயுவும் மத்திய அரசின் பட்டியல் தான் என்று 2004-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லி விட்டது.

இரண்டாவது மேஜை மாநில அரசு. 1959-ம் வருஷ விதிப்படி, நிலப்பகுதியில் எண்ணெய் தேட உரிமம் எழுதிக் கொடுத்து வந்தது மாநில அரசு தான். ஆனால் மத்திய அரசு முன்கூட்டியே தலையாட்டி இருக்க வேண்டும். எண்ணெய் வந்தால் ராயல்டி மாநிலத்துக்கு. அந்த 1948 சட்டத்தையும் 2025-ல் பாராளுமன்றம் திருத்தி விட்டது.

மூன்றாவது, சுற்றுச்சூழல் அனுமதி. பனகல் மாளிகை விவகாரம் இது தான்.

நான்காவது, கிண்டியில் இருக்கிற மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். 1974 தண்ணீர் சட்டம், 1981 காற்று சட்டம் இரண்டின் கீழும் அதன் இசைவு வேண்டும்.

கடைசியில் தான் நிலத்துக்காரர். பட்டா வைத்திருப்பவரிடம் குத்தகை பேச வேண்டும்.

இத்தனை மேஜையில் ஊருக்கு என்று ஒரு மேஜை உண்டா? கிராம சபையில் தீர்மானம் போடலாம். டெல்டாவில் எத்தனையோ ஊர்கள் போட்டன. அரசியல்வாதிகள் அதைக் கண்டு பயப்படுவார்கள். ஆனால் அந்தத் தீர்மானம் இருந்தால் தான் கிணறு என்று எந்த அனுமதி விதியும் சொல்லவில்லை.

பறிபோன நாற்காலி

ஊர்க்காரர் உட்கார ஒரே ஒரு நாற்காலி இருந்தது. அது தான் கருத்துக்கேட்புக் கூட்டம்.

2006 அறிவிப்பின்படி, கூட்டத்துக்கு குறைந்தது 30 நாள் முன்பே பத்திரிகையில் விளம்பரம் வர வேண்டும். திட்ட அறிக்கையின் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் வைக்க வேண்டும். கலெக்டர் அல்லது அவர் அனுப்பும் அதிகாரி தலைமை தாங்க வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். பேசியதை எழுதிக் கொள்ள வேண்டும்.

இது ஓட்டெடுப்பு அல்ல. நூறு பேர் வேண்டாம் என்றாலும் திட்டம் வரலாம். ஆனால் ஒன்று நிச்சயம். என்ன வரப் போகிறது என்பது முன்னாலேயே ஊருக்குத் தெரிந்து விடும்.

2020 ஜனவரி 16-ந்தேதி மத்திய அரசு ஒரு திருத்தம் போட்டது. எண்ணெய் எடுக்கும் கிணறுகள் பழையபடி டெல்லி அனுமதிக்குப் போகும், கருத்துக்கேட்பும் உண்டு. ஆனால் சோதனைக் கிணறு "பி-2" பிரிவுக்கு மாறியது. அனுமதி மாநில ஆணையத்தில். விரிவான தாக்க அறிக்கை வேண்டாம். கருத்துக்கேட்பும் வேண்டாம்!

அப்போது முதல்-அமைச்சராக இருந்த எடப்பாடி பழனிசாமியே இதை எதிர்த்து பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

எண்ணெய்த் துறையின் வாதமும் தள்ளி விடக் கூடியது அல்ல. சோதனைக் கிணறு சில மாத வேலை. எண்ணெய் இல்லாவிட்டால் மூடி விட்டுப் போய் விடுவார்கள். இந்தியாவுக்குத் தேவைப்படும் கச்சா எண்ணெயில் 100-க்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. சொந்த மண்ணில் தேடாமல் என்ன செய்வது என்கிறார்கள்.

ஆனால் சோதனையில் எண்ணெய் கிடைத்து விட்டால்? பிறகு கூட்டம் போடுவார்கள். அதற்குள் ஊருக்கு சாலை போட்டு, லாரி வந்து, கோடிக்கணக்கில் பணமும் இறங்கி விடும். அப்போது "வேண்டாம்" என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

டெல்டாவுக்கு வேலி

2020 பிப்ரவரியில் தமிழக சட்டசபை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல சட்டத்தை நிறைவேற்றியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் சில ஒன்றியங்களும் அதற்குள் வந்தன. அங்கே புதிதாக எண்ணெய், எரிவாயு தேடவோ எடுக்கவோ கூடாது. விவசாயம் மாநிலப் பட்டியல் என்பது தான் இந்த வேலிக்குக் கால்.

ஆனால் வேலியில் இரண்டு சந்து. ஒன்று, சட்டம் வரும் முன்பே நடந்து வந்த வேலைகளுக்குத் தடை இல்லை. இரண்டாவது, கோடு மாவட்டக் கணக்கில் போட்டது. திருச்சி, கரூர், அரியலூர் ஏன் இல்லை என்று அப்போதே கேள்வி எழுந்தது. ராமநாதபுரமும் கோட்டுக்கு வெளியே. அதனால் தான் 2025-ல் பனகல் மாளிகையில் அந்த பைல் நகர முடிந்தது.

அமெரிக்காவிலும் இதே தகராறு

டெக்சாஸ் மாநிலத்தில் டென்டன் என்று ஒரு ஊர். பாறையை உடைத்து எரிவாயு எடுப்பது எங்கள் எல்லைக்குள் கூடாது என்று 2014 நவம்பரில் அந்த ஊர் மக்கள் ஓட்டுப் போட்டார்கள். 100-க்கு 59 பேர் தடைக்கு ஆதரவு! எண்ணெய்க் கம்பெனிகள் சும்மா இருக்குமா? 2015 மே மாதம் மாநிலமே சட்டம் போட்டு ஊர்களின் கையைக் கட்டி விட்டது. சத்தம், வெளிச்சம், லாரிப் போக்குவரத்து மாதிரி சங்கதிகளில் மட்டும் ஊர் தலையிடலாம். ஜூனில் டென்டன் தன் தடையைத் தானே வாபஸ் வாங்கியது.

அதே நாட்டில் நியூயார்க் மாநிலத்தில் நேர் எதிர். 2014-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், ஊர்கள் தங்கள் நில உபயோக விதியின் மூலம் தடை போடலாம் என்று தீர்ப்பு சொன்னது. ஊருக்கு நாற்காலி போடுவதும் எடுப்பதும் மேலே இருப்பவர்கள் எழுதும் சட்டத்தில் தான் இருக்கிறது.

முதலில் கையெழுத்து; பிறகு போராட்டம்

மன்னார்குடி மீத்தேன் திட்டத்துக்கு 2010, 2011-ல் கையெழுத்து ஆனது. விவசாயிகள் விழித்துக் கொண்டு போராடினார்கள். அந்தப் பிரசாரத்தின் நடுவே 2013 டிசம்பரில் நம்மாழ்வார் உயிர் பிரிந்தது. மாநில அரசு தடை போட்டது 2015-ல்! 2017-ல் நெடுவாசல். டெல்லியில் மந்திரிசபைக் குழு ஒப்புதல் கொடுத்த மறுநாளே ஊர் திரண்டு, மாதக்கணக்கில் தெருவில் உட்கார்ந்தது. 2025-ல் ராமநாதபுரம்.

மூன்று இடத்திலும் வரிசை ஒன்று தான். முதலில் கையெழுத்து. அப்புறம் ஊருக்கு சேதி. அப்புறம் கொந்தளிப்பு. ஊர்க்காரருக்கு வயல் வேலை கெட்டது, போலீஸ் கேசு வந்தது. கம்பெனிக்குப் பணமும் காலமும் வீண்.

மாநில அரசு நினைத்தால் வேலியின் கோட்டை நீட்டலாம். சோதனைக் கிணற்றுக்கும் கருத்துக்கேட்பு வேண்டும் என்று டெல்லியில் வாதாடலாம். கிண்டி வாரியத்தின் பேனாவும் மாநிலத்தின் கையில் தான் இருக்கிறது.

கிணறு வரலாமா, கூடாதா என்பதில் ஆளுக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கலாம். ஆனால் தன் வயலுக்குப் பக்கத்தில் துளை போடப் போகிறார்கள் என்ற சேதி, கையெழுத்து ஆகி ஐந்து மாதம் கழித்தா ஒரு விவசாயிக்குத் தெரிய வேண்டும்?

கோட்டையும் டெல்லியும் தான் பதில் சொல்ல வேண்டும்.