தவணைக்கு முன்னால் ரொக்கத்தைப் பாருங்கள்

வீடு வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது மாதத் தவணை எவ்வளவு வரும் என்பதைத்தான். கையில் ரொக்கம் எவ்வளவு இருக்கிறது என்பதே அதற்கு முந்தைய கேள்வி. சென்னைப் புறநகரில் 60 லட்ச ரூபாய்க்கு ஒரு பழைய தனிவீடு என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடன் என்றால், வீட்டு மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டி வங்கிகள் தர ரிசர்வ் வங்கி விதியில் இடமில்லை. ஆக, 48 லட்சம் கடன் போக 12 லட்சம் நம் பணம். முழு விலைக்கும் பத்திரம் போட்டால் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், இன்னும் 5.40 லட்சம். இதை வீட்டு மதிப்போடு சேர்த்துக் கடன் கேட்கவும் முடியாது. வில்லங்கம் பார்க்கும் வக்கீல் கட்டணம், பழைய ஒயரிங், ஒழுகும் மொட்டைமாடி எல்லாம் அதற்கு மேல். பல குடும்பங்கள் இந்த இடத்தில்தான் நகையை அடகு வைத்து, தனிநபர் கடனும் வாங்கி மாட்டிக்கொள்கின்றன.

வாடகை வீண், காத்திருந்தால் விலை ஏறிவிடும் என்பார்கள். ஏறலாம், மறுக்கவில்லை. ஆனால் 8.5 சதவீத வட்டியில் 48 லட்சத்துக்கு 20 ஆண்டுத் தவணை மாதம் சுமார் 41,650 ரூபாய். முதல் மாதத்தில் அதில் 34,000 வட்டிக்கே போகிறது. தனிநபர் கடனும் அதன்மேல் ஏறினால், ஒரே ஒரு மருத்துவச் செலவில் தவணை தவறிவிடும். ஆறு மாதத் தவணையை ஒதுக்கிய பிறகு 18 லட்சம் மிஞ்சாதவர்கள் 45 லட்ச வீட்டைத் தேடுவதே நியாயம்.